‘சொந்தக் காரணம்’ என்று எழுதி ஒட்டினோம்

எங்கள் கடையில் ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவை வீசுவது வீட்டுக்காரர், தே தாரிக் என்கிற பால் தேத்தண்ணியை ஆற்றுவது நான். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பெரிய சாலையில் 14 வருடமாக இதுதான் எங்கள் பிழைப்பு. தேத்தண்ணி ஆற்றுகிறவளுக்குக் கை மேலும் கீழும் போய்க்கொண்டிருக்கும், காது சும்மா இருக்கும். அதனால் ஊர்ப் பேச்சு முழுக்க என் காதில்தான் விழும்.

2020 ஆகஸ்ட் 29, சனிக்கிழமை. திங்கட்கிழமை மெர்டேக்கா, அதாவது சுதந்திர தின விடுமுறை என்பதால் கடையில் நல்ல கூட்டம். மேசைகளை இடைவெளி விட்டுப் போட்டிருந்தோம். வாசலில் கோவிட் வருகைப் பதிவுக்கான மைசெஜாத்ரா செயலி ஸ்கேன், அது வராத பெரியவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம், பக்கத்திலேயே காய்ச்சல் பார்க்கும் கருவி. அந்த நேரத்தில் யாரோ ஒருவர் கைப்பேசியைப் பார்த்துச் சத்தம் போட்டார்: “சின்ன தல துபாயிலேருந்து திரும்பிப் போயிட்டாராம்! இந்த வருஷம் ஆட மாட்டாராம்!”

கடையே அப்படி ஒரு நிமிடம் நின்றது. மலேசியாவில் தோட்டப்புறத்தில் பிறந்த நமக்கு எப்போதும் பந்து என்றால் காற்பந்துதான். எங்கள் அப்பா காலத்தில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு திடல், ஒரு குழு. கிரிக்கெட் அஸ்ட்ரோ தொலைக்காட்சி வழியாகப் பிற்பாடு வந்தது. ஐபிஎல் தொடங்கிய 2008-க்கு அப்புறம் செம்பனைத் தோட்டத்துப் பையன்கள்கூட மஞ்சள் சட்டை போட ஆரம்பித்தார்கள். சென்னை என்று பேர் வைத்திருக்கும்போது அது நம்ம குழு இல்லாமல் வேறு யாருடையது? தோனி தல, சுரேஷ் ரெய்னா சின்ன தல. அந்த ஆகஸ்ட் 15-ஆம் தேதிதான் தோனி ஓய்வு என்று அறிவித்த கொஞ்ச நேரத்திலேயே ரெய்னாவும் இந்திய அணியிலிருந்து ஓய்வு என்று சொல்லியிருந்தார். சிஎஸ்கேவுக்கு மட்டும் ஆடுவார் என்று நாங்கள் ஆறுதல்பட்டுக் கொண்டிருந்தோம். இரண்டு வாரத்தில் இப்படி ஒரு செய்தி.

அணி நிர்வாகம் சொன்னது ரொம்பக் கொஞ்சம்தான். சொந்தக் காரணங்களுக்காக இந்தியா திரும்பிவிட்டார், இந்தப் பருவம் முழுக்க இருக்க மாட்டார், அவருக்கும் குடும்பத்துக்கும் துணையாக இருக்கிறோம். அவ்வளவுதான். எங்களுக்கு அது போதவில்லை. செய்திக்காரர்களுக்கும் போதவில்லை. அணியில் 13 பேருக்குக் கோவிட் என்று அப்போதுதான் செய்தி வந்திருந்தது, அதனால் பயந்துவிட்டார் என்றார்கள். அப்புறம் ஹோட்டல் அறைக் கதை வந்தது. தோனிக்குக் கொடுத்த மாதிரி பால்கனி வைத்த அறை தனக்குத் தரவில்லை என்று கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டாராம். அணி முதலாளி என். சீனிவாசன் ஒரு பேட்டியில் வெற்றி தலைக்கேறுவது பற்றிப் பேசியதாக வந்ததும் எல்லாருக்கும் உறுதியாகிவிட்டது. தான் சொன்னதை வேறு அர்த்தத்தில் எடுத்துக்கொண்டார்கள் என்றும் ரெய்னா பக்கம் நிற்பதாகவும் அவர் அப்புறம் சொன்னார். அதை எங்கள் கடையில் யாரும் சத்தமாகப் படித்துக் காட்டவில்லை.

நானும் பேசினேன். திங்கட்கிழமை காலையில், ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்குத் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே, “பால்கனி இல்லன்னு கோவிச்சிட்டு வந்துட்டாராம்ல, இவ்ளோ காசு வாங்குறவங்களுக்கு இதெல்லாமா பெருசு?” என்று சொன்னேன். நாலு பேர் சிரித்தார்கள். சிரிப்பு வாங்கினால் கடைக்காரிக்கு ஒரு சந்தோஷம். மத்தியானத்துக்குள் அதை இன்னும் இரண்டு மேசைகளில் சொல்லியிருப்பேன்.

செப்டம்பர் 1, செவ்வாய்க்கிழமை, என் தம்பி ஜொகூரிலிருந்து போன் செய்தான். அவன் அங்கே தொழிற்சாலை ஒன்றில் டெக்னீஷியன். வீட்டில் கடைக்குட்டி, அதனால் எல்லாருக்கும் அவன் குட்டி. ரெய்னா என்றால் அவனுக்கு உயிர். தோனியைப் பிடிக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள், அவன் மட்டும் சின்ன வயதிலிருந்தே பக்கத்தில் நிற்கிற ஆளைத்தான் பார்ப்பான்.

“அக்கா, பாத்தியா? அவர் போட்டதைப் பாத்தியா?”

ரெய்னாவே எழுதியிருந்தார். பஞ்சாபில் இருக்கும் அவருடைய அத்தை வீட்டில் ராத்திரியில் புகுந்து அடித்திருக்கிறார்கள். மாமா இறந்துவிட்டார். அத்தைக்கும் அத்தை பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கடுமையான காயம். அந்த இருவரில் ஒருவர் முந்தின நாள் ராத்திரி இறந்துவிட்டார். அத்தை உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு ராத்திரி என்ன நடந்தது, யார் செய்தது என்று இன்னும் தெரியவில்லை, விசாரியுங்கள் என்று பஞ்சாப் போலீசைக் கேட்டிருந்தார்.

முந்தின நாள் ராத்திரி என்றால் ஆகஸ்ட் 31. நாங்கள் கடையில் கொடி கட்டிவிட்டுப் பால்கனியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அதே நாள்.

தாக்குதல் நடந்தது ஆகஸ்ட் 19 ராத்திரி, பதான்கோட் பக்கத்தில் ஒரு கிராமத்தில். அணி சென்னையிலிருந்து துபாய்க்குப் பறந்தது 21-ஆம் தேதி. அந்த மனிதர் அந்தத் துக்கத்தோடுதான் விமானம் ஏறியிருக்க வேண்டும். அங்கே போய் ஹோட்டல் அறையில் தனிமைப்படுத்தலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். வெளியே போக முடியாது, யாரையும் பார்க்க முடியாது. அப்படிப்பட்ட அறைக்குப் பால்கனி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

தம்பி என்னைத் திட்டவில்லை. நான் கடையில் பேசியது அவனுக்குத் தெரியாது. ஆனால் நான் தற்காத்துக்கொள்கிற மாதிரி ஒன்று சொன்னேன்: “முன்னாடியே சொல்லியிருக்கலாம்லடா, யாரும் பேசியிருக்க மாட்டாங்களே.”

அவன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “அம்மா கதை ஞாபகம் இருக்காக்கா?” என்றான்.

அம்மா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். எங்கள் தாத்தா கோலகங்சார் பக்கம் வேறொரு தோட்டத்தில் மகன் வீட்டில் இருந்தார். ஒருநாள் விடிகாலை மூன்று மணிக்கு ஆள் வந்து சொல்ல, அம்மா கட்டியிருந்த சேலையோடு கிளம்பிப் போய்விட்டார். பெரட்டில், அதாவது காலை ஆள் கணக்கெடுப்பில், யாரிடமும் சொல்ல நேரமில்லை. நாலாவது நாள் காலை பெரட்டுக்கு வந்து நின்றால் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் பேரை வெட்டிவிட்டார்கள். புருஷனோடு சண்டை போட்டு ஓடிவிட்டாள் என்று லயத்து வீட்டு வரிசை முழுக்கப் பேச்சு. அம்மா தோளில் பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பை வைத்துக்கொண்டு, “எங்கப்பா செத்துட்டாருங்க” என்று மட்டும் சொன்னாராம். அதற்கு வேலையை மேற்பார்க்கும் மண்டோர், “இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?” என்று கேட்டாராம். அம்மா எங்களிடம் இதை எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தரமும் அந்த மண்டோரின் குரலிலேயே சொல்வார். அப்பா செத்ததற்கு அழுததைவிட அந்தக் கேள்விக்குத்தான் அதிகம் அழுதேன் என்பார்.

நான் அதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். ஒரு எழுத்துகூட மாறவில்லை.

செப்டம்பர் 16 அளவில் பஞ்சாபில் மூன்று பேரைப் பிடித்தார்கள், கொள்ளைக் கூட்டம் என்று செய்தி வந்தது. அதற்குள் எங்கள் கடைப் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. 19-ஆம் தேதி அபுதாபியில் ஐபிஎல் தொடங்கியது. முதல் ஆட்டத்தில் மும்பையை ஜெயித்தோம், அம்பத்தி ராயுடு 71. அப்புறம் தோல்வி மேல் தோல்வி. கடைசியில் 7-ஆம் இடம். சென்னை பிளேஆஃப் போகாத முதல் வருடம் அது. ஒவ்வொரு தோல்விக்கும் யாராவது ஒருவர், “ரெய்னா இருந்திருந்தா…” என்று ஆரம்பிப்பார். அதில் பாசமும் இருந்தது, குற்றச்சாட்டும் இருந்தது. மாமாவுக்காகவா ஐபிஎல்லை விடுவான், அப்பா அம்மா என்றாலும் பரவாயில்லை என்று ஒருவர் சொன்னார். நம் வீடுகளில் இதைச் சொல்ல எப்படி மனசு வரும் என்று எனக்குப் புரியவில்லை. மாமா மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்ட பிள்ளைகள்தானே நாமெல்லாம்.

இதைப் பற்றித் தம்பியும் நானும் நிறையப் பேசினோம். அவன் கிரிக்கெட் கணக்கெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பான். 2008-இல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் மலேசியாவில் நடந்தபோது, பூச்சோங் கின்ராரா திடலுக்குப் போய், விராட் கோலி என்ற பையன் கிண்ணத்தைத் தூக்கியதை நேரில் பார்த்தவன். அவன் சொல்வான்: “அந்தக் கோலி 2006-இல் டெல்லிக்காக ஆடிக்கிட்டு இருக்கும்போது ராத்திரி அப்பா இறந்துட்டாரு. காலையில வந்து 90 ரன் அடிச்சிட்டுத்தான் காரியத்துக்குப் போனான். 1999 உலகக் கிண்ணத்துல டெண்டுல்கர் அப்பா காரியத்துக்குப் போயிட்டு நேரா இங்கிலாந்துக்குத் திரும்பி வந்து கென்யாவுக்கு எதிரா 140 அடிச்சாரு. நாம இதைத்தான் சொல்லிச் சொல்லி வளர்ந்தோம். வந்து ஆடினவன் கதைதான் நமக்குக் கதை. வீட்டுக்குப் போனவனுக்குக் கதையே கிடையாது. அதான் ஆளாளுக்கு ஒண்ணு கட்டி வுடறாங்க.”

அவன் சொன்னது எனக்குச் சரியென்றே படுகிறது. டெண்டுல்கர் ஊருக்குப் போயிருந்தபோது இந்தியா ஜிம்பாப்வேயிடம் 3 ரன்னில் தோற்றது. அந்த ஒரு ஆட்டத்தில் அவர் இல்லாததை யாரும் குறை சொல்லவில்லை, ஏனென்றால் திரும்பி வந்துவிட்டார், வந்ததும் நூறும் அடித்துவிட்டார். அந்த 140 இல்லாமல் இருந்திருந்தால்? 2016-இல் மகள் பிறந்தபோது ரெய்னாவும் ஒரு ஆட்டத்தை விட்டுவிட்டுப் போனார். அப்போது அவர் குஜராத் அணித் தலைவர். அதுவரை ஒரு ஐபிஎல் ஆட்டத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. எல்லாரும் வாழ்த்துதான் சொன்னார்கள். பிறந்த வீட்டுச் செய்தியை உடனே சொல்லிவிடலாம். இறந்த வீட்டுச் செய்தி அப்படி வாயில் வராது. அது எனக்கு அப்போது தெரியாது. ஐந்து மாதத்தில் தெரிந்தது.

2021 தைப்பூசம் முடிந்த வாரம். அந்த வருடம் காவடி இல்லை, ஊர்வலம் இல்லை. பேராக்கில் மறுபடியும் நடமாட்டக் கட்டுப்பாடு, கடையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, பொட்டலம் மட்டும்தான். காலை ஆறே கால் மணிக்குத் தம்பி மனைவி போன் செய்தாள். குரல் வரவில்லை, மூச்சுதான் வந்தது. அப்புறம் பக்கத்து வீட்டம்மா போனை வாங்கிச் சொன்னார். தூக்கத்திலேயே போய்விட்டான். மாரடைப்பு. 38 வயது.

மாநிலம் தாண்டிப் போகப் போலீஸ் அனுமதிக் கடிதம் வேண்டும். வீட்டுக்காரர் நிலையத்துக்குப் போய் வாங்கி வந்தார். கிளம்பும்போது கடை வாசலில் ஏதாவது எழுதி ஒட்ட வேண்டும் என்றார். மகனுடைய பள்ளி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தடித்த பேனாவை எடுத்து, ‘துக்கம்’ என்று எழுதப் போனார். நான் பேனாவைப் பிடுங்கிவிட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நல்ல மனிதர். நான் அவன் முகத்தை இன்னும் பார்க்கவில்லை. 500 கிலோமீட்டருக்கு மேல் போய்ப் பார்த்த பிறகுதான் அது நிஜம். அதற்கு முன்னாடி என் கையால் எழுதி, என் கடைக் கதவில் ஒட்டி, ஊரே படிக்கும்படி செய்ய என்னால் முடியாது. ‘சொந்தக் காரணத்தினால் கடை அடைப்பு’ என்று எழுதினேன். எழுதும்போது ரெய்னா ஞாபகம் எல்லாம் வரவில்லை. அந்த வார்த்தைதான் வந்தது. அணிக்காரர்களுக்கும் அது அப்படித்தான் வந்திருக்கும் போலிருக்கிறது. வேறு வார்த்தை இல்லாதபோது கைக்கு வருகிற வார்த்தை அது.

வழியில் மூன்று இடத்தில் சாலைத் தடுப்பு. மூன்று இடத்திலும் அந்தக் கடிதத்தை ஜன்னல் வழியாக நீட்டினோம். முகத்தைப் பார்த்துவிட்டு ஒருவரும் அதிகம் கேட்கவில்லை. காரியம் குறைந்த ஆட்களோடு முடிந்தது. 16-ஆம் நாள் கருமக்கிரியை முடியும் வரை தம்பி மனைவியோடும் பிள்ளையோடும் இருந்தேன். 17 நாள் கடை மூடிக் கிடந்தது.

அந்த 17 நாளில் ஊரில் என்ன பேசினார்கள் என்று திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது. கடையில் கோவிட், ரொட்டி வீசுகிறவருக்கே வந்துவிட்டது, சுகாதார இலாகா வந்து பூட்டியது என்று ஒரு குரல் பதிவு நாலு வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றியிருக்கிறது. இன்னொரு பக்கம் வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் கடன் வாங்கி ராத்திரியோடு ராத்திரியாக ஓடிவிட்டார்கள் என்று. அந்தக் குரல் பதிவை ஒருவர் எனக்கே போட்டுக் காட்டினார். பேசுகிற ஆள் யார் என்று குரலை வைத்தே தெரிந்துகொண்டேன். நல்ல உற்சாகமாகப் பேசியிருந்தார். நடுவில் யாரோ சிரிக்கிற சத்தம்கூடக் கேட்டது. அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும், நான் வாங்கிய சிரிப்பு அது. அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்கு நான் எதுவும் திருப்பிச் சொல்லவில்லை.

கடை திறந்து மூன்று வாரம் பாதி மாவுகூடத் தீரவில்லை. அப்புறம் மெல்ல மெல்லச் செய்தி பரவி ஒவ்வொருவராக வந்தார்கள். தலை குனிந்து வந்தவர்கள் பலர். சிலர் மஞ்சள்பொடி, பழம் என்று கையில் எதையாவது கொண்டுவந்தார்கள். தினமும் வருகிற லாரி ஓட்டுநர் ஒருவர், நல்ல மனிதர், உண்மையாகவே கண் கலங்கி, “அக்கா, முன்னாடியே சொல்லியிருக்கலாமேக்கா” என்றார்.

நான் அவருக்குப் பால் இல்லாத கோப்பி ஓ ஒன்று கலக்கிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

2024 பிப்ரவரியில் நம் அஸ்வின் ராஜ்கோட்டில் 500-ஆவது விக்கெட் எடுத்த அன்று ராத்திரியே சென்னைக்குக் கிளம்பினார், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று. ஆட்டத்தின் நாலாவது நாள் திரும்பி வந்தார். தனி விமானத்துக்கு முயற்சி செய்து, கூடத் துணைக்கு ஆளும் அனுப்பி, கேப்டன் ரோகித் சர்மா போ போ என்று அனுப்பி வைத்ததை அஸ்வினே பிறகு சொன்னார். கடையில் அதைப் பற்றிப் பேச்சு வந்தபோது தம்பி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்தேன். “ஒட்டுமொத்தமா எல்லாரும் நல்லபடியா நடந்துக்கிட்டாங்கக்கா, பாத்தியா” என்றுதான் சொல்லியிருப்பான். ஆனாலும் அந்த இரண்டு நாளும் அம்மாவுக்கு என்ன நோய், எந்த மருத்துவமனை என்று தேடியவர்கள் எங்கள் கடையிலேயே இருந்தார்கள். நான் பேச்சை மாற்றினேன். ரசம் எப்படி இருக்கு, இன்னும் கொஞ்சம் ஊத்தவா என்று கேட்டேன். கடைக்காரிக்கு அந்த அதிகாரம் உண்டு.

2021 ஏப்ரல் 10, சனிக்கிழமை. ரெய்னா திரும்பி வந்த ஆட்டம். மும்பை வான்கடேயில் டெல்லிக்கு எதிராக. நமக்கு ராத்திரி பத்து மணி. கடையின் இரும்புக் கதவைப் பாதி இறக்கிவிட்டு, வீட்டுக்காரர் மறுநாள் காலைக்கான மாவைப் பிசைந்து உருண்டை உருட்டி எண்ணெயில் போட்டுக்கொண்டிருந்தார். நான் பாத்திரம் கழுவி முடித்துத் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ரெய்னா இறங்கி நடந்து வந்தார். கிட்டத்தட்ட இரண்டு வருடமாக ஐபிஎல் ஆடாத கால். அந்த நடையைப் பார்த்ததுமே எனக்குத் தொண்டை அடைத்தது. முதல் சிக்ஸ் போனபோது கை தானாகக் கைப்பேசியை எடுத்தது. ஒவ்வொரு சிக்ஸுக்கும் தம்பி குரல் பதிவு அனுப்புவான், அல்லது நான் அனுப்புவேன், எப்போதும் அப்படித்தான். திரையில் அவன் பேர் மேலேயே இருந்தது. கடைசியாக அவன் அனுப்பியது பொங்கல் பானைப் படம்.

36 பந்தில் 54. நாலு சிக்ஸ். அப்புறம் ஜடேஜாவோடு ஓடும்போது ஏதோ குழப்பம், ரன் அவுட்.

கைப்பேசி அதிர்ந்தது. தம்பி மனைவி எண்ணிலிருந்து குரல் பதிவு. போட்டால் அவன் மகள். ஏழு வயது, அந்த நேரத்துக்குத் தூங்கியிருக்க வேண்டிய பிள்ளை.

“அத்தை, பாத்தீங்களா? சின்ன தல அடிச்சாரு. ஆனா ஏன் அத்தை அவரு போறாரு? இன்னும் ஆட்டம் முடியலையே?”

மாவு உருட்டுவதை நிறுத்திவிட்டு வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ரன் அவுட் என்றால் என்ன, இரண்டு பேர் எப்படிச் சேர்ந்து ஓடவேண்டும், ஒருவர் நடுவில் நின்றுவிட்டால் இன்னொருவருக்கு என்ன ஆகும் என்று அவளுக்கு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தேன்.